தூள் வந்தால் தப்பு, சீவல் வந்தால் சரி

வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்கிறபடி மரத்தை வெட்டிச் செதுக்கும் மெஷின்) வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். எவ்வளவு பெரிய மெஷின் வாங்கணும்? நானும் அதைக் கேட்டுத்தான் ஆரம்பித்தேன். மேஜையின் நீள அகலம், மோட்டார் எத்தனை வாட், இந்த இரண்டை மட்டும் பார்த்து 3018 வகை மெஷின் ஒன்றை வாங்கினேன். பெயரிலேயே அளவு இருக்கிறது, 300 மிமீக்கு 180 மிமீ. பாகம் பாகமாக வந்ததை இரண்டு ராத்திரி உட்கார்ந்து பூட்டி, மூன்றாம் நாள் என் மகள் பெயரை ஒரு தேக்குத் துண்டில் செதுக்க விட்டேன்.

ஓடியது. எழுத்துகளும் வந்தன. ஆனால் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் கறுப்பாக ஒரு கோடு, அறை முழுக்கக் கருகிய வாசனை, பள்ளத்துக்குள் விரலை விட்டால் முகப்பவுடர் மாதிரி மெல்லிய பழுப்புத் தூள். 6 மிமீ ஆழம் போக மூன்று மணி நேரம் ஆனது. அன்றைக்குப் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். நாற்பது வருஷம் தச்சு வேலை செய்தவர். அந்தத் தூளைக் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது வெட்டலடா, தேய்க்குது" என்றார். அப்புறம் தன் பையிலிருந்து அரை அங்குல உளியை எடுத்து, அதே துண்டின் ஓரத்தில் நாரோட்டம் பார்த்து ஒரே தள்ளு. சுருண்டு ஒரு சீவல் வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "சூடு இதோட போயிடணும். மரத்துலயும் தங்கக்கூடாது, உளியிலயும் தங்கக்கூடாது" என்றார்.

அதற்கப்புறம் நான் படித்தது, கெடுத்தது, மாற்றியது எல்லாவற்றையும் இந்த ஒரு பேச்சில் கட்டிவிடலாம். இரண்டாவது மெஷினைத் தேர்ந்தெடுத்ததும் இதை வைத்துத்தான்: இந்த மெஷினால் சீவல் எடுக்க முடியுமா?

கணக்கு எளிதுதான். பிட் (சுழன்று வெட்டும் கருவி) ஒரு சுற்றுச் சுற்றும்போது அதன் ஒவ்வொரு வெட்டுவாயும் ஒரு சீவலை எடுக்கிறது. மெஷின் நிமிஷத்துக்கு எத்தனை மிமீ நகர்கிறதோ, அதைச் சுற்றுகளின் எண்ணிக்கையாலும் வெட்டுவாய்களின் எண்ணிக்கையாலும் வகுத்தால் ஒரு சீவலின் தடிமன் கிடைக்கும். இதைத்தான் சிப் லோட் என்கிறார்கள். அன்றைக்கு நான் வைத்திருந்தது 3 மிமீ பிட், இரண்டு வெட்டுவாய், பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிஷத்துக்குச் சுமார் 9,000 சுற்று, நகர்வு நிமிஷத்துக்கு 200 மிமீ. வகுத்துப் பாருங்கள், 0.011 மிமீ வரும். எவ்வளவு கூரான வெட்டுவாயாக இருந்தாலும் அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மழுக்கம் இருக்கத்தான் செய்யும். அவ்வளவு மெல்லிசாக எடுக்கச் சொன்னால் அது மரத்துக்குள் இறங்காமல் மேலேயே வழுக்கித் தேய்க்கிறது, தேய்த்தால் சூடு, சூட்டில் கருகல், கருகலில் பிட் மழுங்கி இன்னும் தேய்க்கிறது. 3 மிமீ பிட்டுக்கு மரத்தில் 0.05 மிமீ பக்கம் இருந்தால் நிம்மதியாக வெட்டும். அதற்கு நான் நிமிஷத்துக்கு 900 மிமீ ஓட்டியிருக்க வேண்டும். பிட் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன், குறைக்கக் குறைக்கக் கருகல்தான் கூடியது. புதிதாக வாங்குகிற பலரும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள், மெதுவாகப் போனால் பத்திரம் என்று கை தானாகவே நினைக்கிறது.

சரி என்று 900 வைத்தேன். மெஷின் மொத்தமும் ஆடியது. வட்டமாக வர வேண்டிய எழுத்து முட்டை வடிவத்தில் வந்தது, பாதியில், படிப்படியாக நகர்த்தும் மோட்டார் சில படிகளைத் தவறவிட்டு மீதி எழுத்தெல்லாம் 2 மிமீ தள்ளிப் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் விறைப்பு என்ற விஷயம் புத்தியில் ஏறியது. சீவல் எடுக்கப் பிட் மரத்தைத் தள்ளுகிறது, மரம் அதே பலத்தோடு பிட்டைத் திருப்பித் தள்ளுகிறது, அதைத் தாங்க ஃப்ரேம் வேண்டும். 3018இல் நகரும் பாகங்கள் பொதுவாக 10 மிமீ உருட்டுக் கம்பிகளின் மேல் போகின்றன, அந்தக் கம்பிகளுக்கு இரண்டு முனையில் மட்டும்தான் பிடிப்பு. நடுவில் தாங்கல் இல்லாத ஒரு கம்பியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அதே சுமைக்கு அது எட்டு மடங்கு வளையும். ஆகவே அளவைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அதே கம்பி, அதே தகடு, மேஜை மட்டும் பெரிது என்றால் நீங்கள் இன்னும் பலவீனமான மெஷினைத்தான் வாங்குகிறீர்கள். பெரிய மேஜை வேண்டுமென்றால் கூடவே தடித்த ஃப்ரேமும் லீனியர் ரெயிலும் (நீளம் முழுக்கத் தாங்கல் உள்ள தண்டவாளம்) வர வேண்டும்.

வாங்குவதற்கு முன் நேரில் பார்க்க வாய்ப்பு இருந்தால் ஒன்று செய்யுங்கள். மெஷினுக்கு மின்சாரம் கொடுத்து மோட்டார்கள் பிடித்துக்கொண்டிருக்கும்போது (ஸ்பிண்டில் மட்டும் ஓடக்கூடாது), ஸ்பிண்டிலின் நுனியை இரண்டு விரலால் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசைந்தால் மரத்தில் அது இன்னும் அசையும். பெரும்பாலும் அசைவு வருவது மேலும் கீழும் போகிற பாகத்தில்தான், அதைத்தான் படங்களில் யாரும் காட்ட மாட்டார்கள். பெல்ட்டில் ஓடும் மெஷின் வேகமாகப் போகும், ஆனால் நீளமான பெல்ட் இழுபடும். மரை போட்ட கம்பி சுழன்று நகர்த்தும் லீட் ஸ்க்ரூ வீட்டு வேலைக்குப் போதும், அதிலேயே உருளும் குண்டுகள் வைத்த பால் ஸ்க்ரூ என்றால் இன்னும் நல்லது.

அந்தச் சின்ன மெஷினை நான் தூக்கிப் போடவில்லை, அதோடு ஒன்றரை வருஷம் வேலை செய்தேன். வேகத்தைக் குறைக்காமல் ஆழத்தைக் குறைத்தேன். முதல் நாள் ஒரு நடைக்கு (பிட் பாதை முழுவதும் ஒருமுறை போய்வருவது) 1 மிமீ ஆழம், நிமிஷத்துக்கு 200 மிமீ ஓடியது. அதையே 0.5 மிமீ ஆழம், 800 மிமீ வேகம் என்று மாற்றினேன். நடைகள் இரண்டு மடங்கு, வேகம் நான்கு மடங்கு, ஆக நேரம் பாதியானது, கருகலும் நின்றது. ஒரே வெட்டுவாய் உள்ள பிட் போட்டால் பாதி வேகத்திலேயே அதே தடிமனில் சீவல் கிடைக்கும், விறைப்பு குறைந்த மெஷினுக்கு அது பெரிய உதவி. சின்ன மெஷின் வைத்திருப்பவர்கள் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். பெயர்ப்பலகை, முத்திரை அச்சு, சின்னப் பெட்டிகளின் மூடி இதெல்லாம் அது அழகாகச் செய்யும்.

பிட்டுக்கும் இதே கம்பிக் கணக்குதான். பிட்டை இறுக்கிப் பிடிக்கும் காலெட்டிலிருந்து அது நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு வளையும், விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு வளையும். அதனால் வேலைக்குத் தேவையான நீளம் மட்டும் வெளியே இருக்கட்டும், முடிந்த இடத்திலெல்லாம் தடித்த பிட்டைப் போடுங்கள். வாங்கும்போது காலெட் எந்த அளவு என்று கட்டாயம் கேளுங்கள். சின்ன மெஷின்களில் இஆர்11 இருக்கும், 7 மிமீ வரை பிடிக்கும். கையில் பிடிக்கும் ட்ரிம் ரவுட்டரை மாட்டும் மெஷின்களில் 6 மிமீ அல்லது 6.35 மிமீ காலெட் இருக்கும். இந்த இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத்தான் தெரியும். 6.35 ரவுட்டர் காலெட்டில் 6 மிமீ காம்பை இறுக்கி ஓட்டாதீர்கள். பிட் மெல்ல மெல்லக் கீழே இறங்கி மரத்தையும் துளைத்து மேஜையையும் துளைக்கும், சில சமயம் பறந்தும் வரும்.

மோட்டாரில் வாட்டைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அது எவ்வளவு குறைந்த சுற்றில் ஓடும் என்பது. ட்ரிம் ரவுட்டர்கள் சாதாரணமாக 10,000 முதல் 30,000 சுற்று வரை ஓடும். 30,000 சுற்றில் இரண்டு வெட்டுவாய்ப் பிட்டுக்கு 0.05 மிமீ சீவல் வேண்டுமென்றால் நிமிஷத்துக்கு 3,000 மிமீ நகர வேண்டும். நிறைய வீட்டு மெஷின்கள் அந்த வேகத்தில் வெட்டத் திணறும். நான் இப்போது பெரும்பாலும் 12,000இலிருந்து 16,000க்குள் ஓட்டுகிறேன், சத்தமும் குறைகிறது. வேகம் குறைக்கவே முடியாத ரவுட்டர் மாட்டிய மெஷினை வாங்காதீர்கள்.

இசட் உயரத்தை, அதாவது ஸ்பிண்டில் மேலும் கீழும் நகரும் தூரத்தை, ஏறக்குறைய எல்லோருமே கவனிக்காமல் விடுகிறார்கள். 45 மிமீ நகரும் என்று போட்டிருந்தால் 45 மிமீ மரம் வைக்கலாம் என்று நான் நினைத்துவிட்டேன். மேஜை வெட்டுப்படாமல் இருக்க அடியில் போடும் 12 மிமீ பலகை (ஸ்பாயில் போர்டு), மேலே 20 மிமீ மரம், அதைப் பிடிக்க க்ளாம்ப், அந்த க்ளாம்பின் தலைக்கு மேலே தாண்டிப்போகப் பிட்டுக்கு இடம், எல்லாம் கழித்தால் மிச்சம் விரல் தடிமன்தான்.

இனி மரத்தைப் பிடித்து வைப்பது. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது என்று நினைக்கிறேன். மெஷின் வாங்கிய மூன்றாவது மாதம் 18 மிமீ பலகையில் ஒரு வட்டத் தட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். ஓரங்களில் நான்கு க்ளாம்ப் போட்டிருந்தேன், பலகை கல் மாதிரி நின்றது. கடைசி நடையில் பிட் அடிவரைக்கும் அறுத்து முடித்த அந்த நொடி நடுவில் இருந்த வட்டம் தனியாகிவிட்டது, அதை யார் பிடித்திருக்கிறார்கள்? யாருமில்லை. பிட் அதைக் கவ்வித் திருப்பி எறிந்தது, என் காதோரமாகப் போய்ச் சுவரில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்தேன், இருந்தாலும் கை நடுக்கம் அடங்க வெகு நேரம் ஆனது. அன்றிலிருந்து முழுசாக அறுக்கும் எந்த வேலைக்கும் டேப் வைக்காமல் விடுவதில்லை. இது ஒட்டுகிற டேப் இல்லை, சுற்றிலும் நான்கைந்து இடத்தில் அறுக்காமல் விடும் சின்னப் பாலங்கள், அப்புறம் உளியால் வெட்டி உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். மெல்லிய பலகைக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி, மரத்தின் அடியிலும் ஸ்பாயில் போர்டின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்த இரண்டு டேப்பின் முதுகுக்கும் நடுவில் சூப்பர் க்ளூ விடுவது. க்ளாம்பே வேண்டாம், பிட் எதிலும் முட்டாது, வேலை முடிந்ததும் உரித்துவிடலாம்.

மெஷின் வந்த முதல் வாரம் மரம் வெட்ட வேண்டாம் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். ஸ்பிண்டிலை ஓட்டாமல், அதில் ஒரு பேனாவைக் கட்டித் தாளில் 150 மிமீ சதுரம் போடச் சொல்லுங்கள். நான்கு பக்கத்தையும் அளந்துவிட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை சமமாக இல்லையென்றால் ஃப்ரேம் கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறது, ஸ்க்ரூக்களைத் தளர்த்திச் சரிசெய்ய இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அப்புறம் அகலமான பிட் ஒன்றைப் போட்டு ஸ்பாயில் போர்டு முழுவதையும் அரை மிமீ இழைத்துவிட்டு, அதன் மேல் நகத்தால் குறுக்கே கோடு போட்டுப் பாருங்கள். நகம் படிப்படியாகத் தட்டினால் ஸ்பிண்டில் நேராக நிற்கவில்லை, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் அந்தப் படிகளே சொல்லிவிடும்.

மென்பொருளுக்கு ஆரம்பத்தில் நிறைய அலையாதீர்கள். 2009இல் வெளிவந்த ஜிஆர்பிஎல் என்ற திறந்த மூல நிரலில்தான் சின்ன மெஷின்களில் பெரும்பாலானவை ஓடுகின்றன. அதோடு பேச யூஜிஎஸ், கேண்டில் மாதிரி இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, படம் வரைய இங்க்ஸ்கேப் இருக்கிறது. தன் சொந்த மென்பொருளோடு மட்டும் பேசும் கட்டுப்பாட்டுப் பலகை உள்ள மெஷின் என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள், அந்த நிறுவனம் கைவிட்டால் மெஷினும் கையை விட்டுப் போகும். பெரிய மென்பொருள்களின் இலவசப் பதிப்பை எடுத்தால் வெட்டாமல் காற்றில் போகும் நகர்வுக்கும் வெட்டும் வேகத்தையே வைத்துக் கட்டிப்போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், நீளமான வேலையில் அது மணிக்கணக்கில் தின்னும். மெஷினுக்கு அனுப்பும் கோப்பில் ஜி20 என்ற கட்டளை இருந்தால் அளவு அங்குலம், ஜி21 என்றால் மிமீ. இரண்டுக்கும் 25.4 மடங்கு வித்தியாசம். ஆகவே புதுக் கோப்பு எதுவாக இருந்தாலும் பிட்டை மரத்துக்கு மேலே தூக்கி வைத்து ஒருமுறை காற்றில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

புடைப்புச் சிற்பம் மாதிரி முப்பரிமாண வேலை பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் நேரக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. 200க்கு 200 மிமீ துண்டு, மெருகு நடையில் கோட்டுக்குக் கோடு 0.3 மிமீ இடைவெளி என்றால் சுமார் 667 கோடு, ஒவ்வொன்றும் 200 மிமீ. நிமிஷத்துக்கு 1,500 மிமீ வைத்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். மேடு பள்ளத்தில் மெஷின் அந்த வேகத்தை எட்டுவதே இல்லை என்பதால் உண்மையில் இன்னும் அதிகம் ஆகும், இதற்கு முன்னால் பெரும்பகுதி மரத்தை எடுக்கும் முரட்டு நடை வேறு இருக்கிறது. அத்தனை நேரமும் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. மரம் நழுவிப் பிட் ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் தூளில் கங்கு பிடிக்கும், அந்தக் கங்கை வேக்யூம் உறிஞ்சித் தன் பைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும், அங்கே அது எரியத் தொடங்குவது யார் கண்ணுக்கும் தெரியாது. வேலை முடிந்தபின் வேக்யூம் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் அறையைப் பூட்டுகிறேன். எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தான் கை எட்டும் இடத்தில் இல்லாத மெஷின் என்றால் அதை முதல் நாளே பொருத்திவிடுங்கள்.

தூளைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. சீவல் கனமாக இருக்கும், கீழே விழும், பெருக்கிவிடலாம். தூள் காற்றில் மிதந்து வீட்டில் எல்லோர் மூச்சிலும் போகும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. எம்டிஎஃப் (மரநாரைப் பிசினால் ஒட்டிச் செய்த பலகை) என்றால் அதிலிருக்கும் பிசின் வேறு. சரியாக வெட்டினாலே தூள் பாதிக்குமேல் குறையும் என்பது என் அனுபவம், இருந்தாலும் ஸ்பிண்டிலைச் சுற்றி ப்ரஷ் வைத்த ஒரு உறை, அதிலிருந்து ஒரு குழாய், நடுவில் தூளைச் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோன் டப்பா, அப்புறம் வேக்யூம் என்று கட்டாயம் வையுங்கள், முகத்தில் நல்ல மாஸ்க். ரவுட்டரும் வேக்யூமும் சேர்ந்து போடும் சத்தத்துக்குக் காதடைப்பும் வேண்டும். குழாய்க்குள் தூள் ஓடும்போது நிலைமின்சாரம் சேர்ந்து கணினிக்கும் மெஷினுக்கும் நடுவில் உள்ள யூஎஸ்பி இணைப்பு அறுந்துபோவதும் உண்டு. காரணம் தெரியாமல் இரண்டு வாரம் மென்பொருளையே திட்டிக்கொண்டிருந்தேன், குழாயோடு ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி எர்த் செய்ததும் நின்றது. மெஷினுக்கு ஒதுக்குவதில் ஒரு நல்ல பங்கை இதற்கும் பிட்டுக்கும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் மெஷின் தேடுங்கள்.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது, அது பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும், கார்பைடு பிட் இல்லாமல் தேக்கில் இறங்காதீர்கள். நான் முதல் வேலைக்கே தேக்கை எடுத்திருக்கக் கூடாது. பிட்டிலும் மேலே இழுப்பது, கீழே அழுத்துவது என்று இருவகை உண்டு. கீழே அழுத்தும் பிட் மேல்விளிம்பைச் சிம்பு கிளம்பாமல் சுத்தமாக வைக்கும், ஆனால் வெட்டிய சீவலைப் பள்ளத்துக்குள்ளேயே திணிக்கும், ஆழமான குறுகிய பள்ளமென்றால் அது வெளியே போக வழியில்லாமல் சூடேறும். மேலே இழுப்பது சீவலை வெளியே தள்ளிவிடும், விளிம்புதான் கொஞ்சம் பிசிறாக வரும். நான் முதல் நடையைக் கீழே அழுத்துவதாலும் மீதியை மேலே இழுப்பதாலும் ஓட்டுகிறேன், பிட் மாற்றும் சிரமம் இருந்தாலும்.

இப்போது இருக்கும் இரண்டாவது மெஷினுக்குத் தடித்த அலுமினிய ஃப்ரேம், லீனியர் ரெயில், 65 மிமீ விட்டமுள்ள ட்ரிம் ரவுட்டர். மேஜை பழையதைவிட மிகப் பெரிதெல்லாம் இல்லை. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். என்ன மரம், என்ன பிட், எத்தனை சுற்று, என்ன வேகம், எவ்வளவு ஆழம் என்று எழுதி, அந்த வரிக்கு எதிரே அன்றைக்கு விழுந்த சீவலில் ஒரு சிட்டிகையை செலோடேப்பால் ஒட்டிவிடுவேன். பெரியப்பா வரும்போதெல்லாம் எண்களை விட்டுவிட்டு, அந்த டேப்புகளை மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டுவார். போன வாரம் ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இந்த மரத்துல இன்னும் கொஞ்சம் வேகமாப் போகலாமே" என்றார். 1,600இல் இருந்ததை 1,900 ஆக்கினேன், விளிம்பு முன்னைவிட வழுவழுப்பாக வந்தது.